கடைசி சீட்டில் தெரிந்த புகை

என் கண் முன்னாலேயே அந்த வால்வு இறங்கியது.

போடிக்கு அருகே முந்தலில், மலைப்பாதை தொடங்கும் இடத்துக்குச் சற்று முன்னால், மெக்கானிக் மாரிச்சாமியின் தகரக் கொட்டகை. ஞாயிற்றுக்கிழமை முற்பகல். என் ஜீப்பின் பானெட்டைக் கழற்றிச் சுவரில் சாய்த்திருந்தோம். இன்ஜினின் மேல்மூடியும் ராக்கர் வரிசையும் சாக்கு விரிப்பில் கிடந்தன. மாரி எதிர்க்கடைக்கு டீ குடிக்கப் போயிருந்தான். நான் சும்மா இருக்க மாட்டாமல் முன் பம்பரில் ஏறி நின்று, அவன் பாதியில் விட்டுப் போன வேலையை எட்டிப் பார்த்தேன்.

மூன்றாவது சிலிண்டரில் ஸ்பிரிங்கைக் கழற்றியாயிற்று. அதைப் பிடித்து வைத்திருக்கும் லாக்குகளையும் எடுத்தாயிற்று. பென்சில் கனத்தில் ஒரு வால்வுத் தண்டு மட்டும் தனியாக நின்றது. நான் ஏறிய கனத்தில் வண்டி அசைந்தது. பின்சக்கரத்துக்கு வைத்திருந்த கல் கரகரவென்று நகர்ந்தது. ஜீப் நான்கு விரற்கடைதான் பின்னால் போயிருக்கும். அந்தத் தண்டு, கிணற்றில் வாளி இறங்குகிற மாதிரி நிதானமாக உள்ளே போனது.

விஷயம் தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். வால்வு முழுவதும் சிலிண்டருக்குள் விழுந்துவிட்டால் ஹெட்டையே கழற்ற வேண்டும். அது ஒரு பகலில் முடிகிற சோலி இல்லை. எனக்கு இருந்ததோ அந்த ஒரு பகல்தான். மறுநாள் திங்கட்கிழமை காலையில் என் ஜீப் சிலமலை ஊரில் புகையில்லாமல் நின்றாக வேண்டும். இல்லையென்றால் என் செட்டு எனக்கு இல்லை.

செட்டு

எங்கள் பக்கத்தில் ஜீப் ஓட்டுகிறவனிடம் என்ன வண்டி வைத்திருக்கிறாய் என்று யாரும் கேட்பதில்லை. எந்த ஊர் செட்டு ஓட்டுகிறாய் என்றுதான் கேட்பார்கள். ஒரு ஊரிலிருந்து ஒரே தோட்டத்துக்கு வேலைக்குப் போகும் பெண்கள் சேர்ந்தால் அது ஒரு செட்டு. என் செட்டில் பதின்மூன்று பேர். எல்லோரும் சிலமலை. மலைக்கு மேலே, கேரளத்துப் பூப்பாறைக்கு அந்தப் பக்கம் ஒரு ஏலத்தோட்டத்தில் களை எடுப்பார்கள், காய் எடுப்பார்கள். விடியலில் கூட்டிப் போய், பொழுது சாயக் கொண்டுவந்து விடுவது என் வேலை.

இருபது வருஷத்துக்குக் கிட்டத்தட்ட இதே செட்டு. நடுவில் சிலர் வயதாகி நின்றார்கள். அவர்கள் இடத்துக்கு மகளோ மருமகளோ வந்தார்கள். அவர்கள் வீட்டுக் காதுகுத்துக்கெல்லாம் எனக்கு முதல் பந்தியில் இலை உண்டு.

செட்டு விட்டுப்போன டிரைவரை வேறு செட்டு எளிதில் சேர்க்காது. என்ன குறையோ, குடிக்கிறானோ, கண் தெரியலையோ என்று யோசிப்பார்கள். யோசிக்கவும் வேண்டும். பதினேழு கொண்டை ஊசி வளைவுக்கும் உயிரை நம்பிக் கொடுக்கிறார்கள் அல்லவா.

இந்தச் செட்டைக் கட்டி வைத்திருப்பவள் செல்லத்தாய். என்னைவிடப் பத்து வயது இளையவள். காலையில் வீடு வீடாகக் குரல் கொடுத்து ஆள் சேர்ப்பாள். எல்லோரையும் ஏற்றிவிட்டுக் கடைசியாக ஏறி, பின்கதவை ஒட்டிய ஓர சீட்டில் உட்காருவாள். தகரத்தில் இரண்டு தட்டு தட்டினால் நான் வண்டியை எடுக்க வேண்டும். ஒரு தட்டு என்றால் நிறுத்த வேண்டும். உள்ளே இடம் இருந்தாலும் அந்த ஓரத்தை விட மாட்டாள். கேட்டால், "எனக்குக் காத்து வேணும்ணே" என்பாள்.

பனியா, புகையா

போன காய் எடுப்பு சீசனிலேயே என் ஜீப் புகைவதாகச் சொல்லத் தொடங்கினார்கள். நான் நம்பவில்லை. டிரைவர் சீட்டிலிருந்து எனக்குத் தெரிவது முன்னால் இருக்கும் ரோடும், கண்ணாடியில் தார்ப்பாயும்தான். பின்னால் என்ன நடக்கிறது என்பது அடுத்த மாநிலத்துச் சேதி மாதிரி.

தோட்டத்துச் சூப்பர்வைசர் ஒரு மலையாளி. ஒருநாள் காலையில் வண்டியை எடுத்தபோது மூக்கைப் பொத்திக்கொண்டு, "எந்தா சேட்டா, கொசுவினு மருந்து அடிக்கான் வந்நதா?" என்றார். பெண்கள் சிரித்தார்கள். நானும் சிரித்துவைத்தேன். அவருக்குத் தமிழ் டிரைவர்களை நக்கல் செய்யாவிட்டால் காலைக் கட்டன்சாயா இறங்காது என்று நினைத்துக்கொண்டேன்.

அதற்கிடையில் ஆயில் குறைந்துகொண்டே வந்தது. நான் ஊற்றிக்கொண்டே வந்தேன். ஒழுகுகிறதா என்று வண்டிக்கு அடியில் அட்டையைப் போட்டுப் பார்த்தேன். ஒரு சொட்டு இல்லை. ஆயில் எங்கே போகிறது என்று ஒருநாளாவது நிதானமாக யோசித்தேனா என்றால், இல்லை. யோசித்தால் விடை தெரிந்துவிடும் என்று பயந்தேனோ என்னவோ.

ஒரு வியாழக்கிழமை சாயங்காலம் சிலமலையில் இறக்கிவிட்டேன். பெண்கள் இறங்கினார்கள். ஆனால் வீட்டுக்குப் போகவில்லை. தூக்குவாளியும் கையுமாக வண்டியைச் சுற்றி நின்றார்கள். செல்லத்தாய் என் பக்கம் வந்தாள்.

"அண்ணே, கோவிச்சுக்கக் கூடாது. நாங்க வேற ஜீப்பு பேசலாம்னு இருக்கோம்."

நான் வண்டியை விட்டு இறங்கினேன். "என்னாத்தா, திடீர்னு?"

"திடீர்னு இல்லண்ணே. இந்தப் பொகைதேன். தலமுடியில இருந்து சோத்துச்சட்டி வரைக்கும் எண்ணெ வாடை. ரெண்டு மூணு பேருக்குத் தெனமும் கொமட்டுது."

"மலையில பனியப் பாத்துட்டுப் பொகைங்கறீக."

அவள் என்னோடு வாதாடவில்லை. பையிலிருந்து போனை எடுத்து ஒரு வீடியோவை ஓட்டிக் காட்டினாள். கடைசி சீட்டிலிருந்து எடுத்தது. என் ஜீப்பின் வாலில் இருந்து ஒரு பெரிய மேகம் எழும்பிப் பின்னால் வந்த ஆட்டோவையே மறைத்தது.

"பனி நீலமாவாண்ணே இருக்கும்?" என்றாள்.

வீடியோவை இன்னொரு தடவை ஓட்டிப் பார்த்தேன். பிறகு, "இது எங்க எடுத்த?" என்று கேட்டேன்.

"முந்தல் செக்போஸ்டுல. பெரும் பொகை அங்கதேன். ஏத்தத்துல ஒண்ணும் வர்றதில்ல. காலையில மொதமொத எடுக்கையிலயும், தோட்டத்துல நிப்பாட்டி எடுக்கையிலயும் ஒருக்கா வரும். பெறகு சாயங்காலம் மலையெறங்கி வந்து, செக்போஸ்டுல நிப்பாட்டி மறுபடியும் மிதிப்பீக பாருங்க, அப்ப வரும். அம்புட்டுத்தேன்."

சுற்றி நின்றவர்களை ஒருமுறை பார்த்துவிட்டுச் சொன்னாள்: "நாளைக்கும் நாளான்னைக்கும் இதுலயே வர்றோம். திங்கக்கிழமை காலையில பொகை வரலைன்னா ஏறுறோம். வந்துச்சுன்னா தேவாரம் ஊர்க்காரக ஜீப்பு நிக்கும். உங்க மனசு நோகக் கூடாதுண்ணே."

மனசு நொந்துதான் வீட்டுக்குப் போனேன்.

ரிங்கா, சீலா

புகை என்றால் ரிங்கு. போடியில் எந்த டீக்கடையில் கேட்டாலும் இதைத்தான் சொல்வார்கள். பிஸ்டன் ரிங் தேய்ந்துவிட்டது, இன்ஜினை இறக்கு, சிலிண்டரைக் கடைந்து போர் போடு. வெள்ளிக்கிழமை அவர்களைத் தோட்டத்தில் விட்டுத் திரும்பி, மத்தியானம் ஒரு பட்டறையில் காட்டினேன். அவர் வண்டியைக்கூடப் பார்க்கவில்லை. "எறக்கணும்ணே. பதினஞ்சு நாளு" என்றார். பதினைந்து நாளில் என் செட்டு தேவாரத்து ஜீப்புக்குப் பேர் வைத்துப் பொட்டும் வைத்திருக்கும்.

அதன் பிறகுதான் மாரிச்சாமியிடம் போனேன். முதலிலேயே போயிருக்கலாம். போகாததற்குக் காரணம், மாரி என் வயதுக்காரன், என்னைப் பள்ளிக்கூடத்திலிருந்து தெரிந்தவன், முகத்துக்கு நேரே பேசுகிறவன்.

என் போனுக்கு வாங்கி வைத்திருந்த வீடியோவை மூன்று முறை பார்த்தான். செல்லத்தாய் சொன்னதை நான் ஒப்பித்தேன். கேட்டுவிட்டுக் கையைத் துடைத்தான்.

"அந்தாத்தா கையில ஒரு பானாவைக் குடுத்துரு மாப்ளே. பாதி வேலைய அதுவே முடிச்சிருச்சு."

"எப்புடி?"

"ரிங்குன்னா ஏத்தத்துல லோடு இழுக்கையில பொகையும். உனக்கு ஏத்தத்துல பொகையல. நின்னு எடுக்கையிலயும், எறங்கி வந்து மிதிக்கையிலயுந்தான் பொகையுது. இது வால்வு சீலு."

வால்வுத் தண்டு மேலும் கீழும் போகிற இடத்தில், தொப்பி மாதிரி ஒரு சின்ன ரப்பர் இருக்கும். மேலே தெறிக்கும் எண்ணெய் தண்டு வழியாக உள்ளே இறங்காமல் அது வழித்து நிறுத்தும். அந்த ரப்பர் கெட்டுப்போனால், இரவெல்லாம் நிற்கும் வண்டியில் எண்ணெய் கசிந்து சிலிண்டருக்குப் போய்விடும். காலையில் எடுத்ததும் எரிந்து நீலமாகப் புகையும்.

"சரி, மலையெறங்குனா எதுக்குப் பொகையணும்?"

"நீ எறங்குற லட்சணம் அப்புடி" என்றான் மாரி.

இங்கே என் பெருமையைக் கொஞ்சம் சொல்ல வேண்டியிருக்கிறது. மலை உச்சியில் இருக்கும் போடிமெட்டிலிருந்து முந்தல் வரை பிரேக்கையே தொடாமல் இறக்குவேன் என்று ஊருக்குள் எனக்கு ஒரு பேர். இரண்டாவது கியரில் போட்டுக் காலை எடுத்துவிட்டால் இன்ஜினே வண்டியைப் பிடித்துக்கொள்ளும். நான் ஸ்டியரிங்கை மட்டும் ஒடிப்பேன். டீக்கடையில் யாராவது பிரேக் காய்ந்துபோன கதையைச் சொன்னால், நான் கிளாசைக் கீழே வைத்துவிட்டு இந்தக் கதையைத் தொடங்குவேன். கேட்டவர்களே நாலு தடவை கேட்டிருப்பார்கள்.

என் வண்டி பழைய இன்ஜின். காற்று போகிற வழியில் ஒரு தகடு உண்டு. காலை எடுத்தால் தகடு மூடிக்கொள்ளும். மூச்சுக்காற்று கிடைக்காத இன்ஜின் கிடைத்த இடுக்கிலெல்லாம் உறிஞ்சும். பதினேழு வளைவும் காலை எடுத்தே நான் இறங்க, கெட்டுப்போன சீல் வழியாக அது எண்ணெயை உறிஞ்சிக்கொண்டே வந்திருக்கிறது. முந்தலில் நான் மிதிக்கும்போது எல்லாம் சேர்ந்து வெளியே வந்திருக்கிறது. நான் டீக்கடையில் அளந்த பெருமைதான் செல்லத்தாயின் வீடியோவில் நீலமாகப் போனது.

"ஞாயித்துக்கெழமை வெள்ளனக் கொண்டா. ஹெட்டக் கழட்டாமலே மாத்திரலாம். ஆனா நீ ஒண்ணையும் தொடக் கூடாது" என்றான் மாரி.

கியரும் கல்லும்

நான் தொட்டேன்.

ஹெட்டைக் கழற்றாமல் சீல் மாற்றுவதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. ஸ்பிரிங்கை எடுத்துவிட்டால் வால்வைப் பிடிக்க ஒன்றும் கிடையாது, உள்ளே விழுந்துவிடும். அதனால் முன்னால் இருக்கும் புல்லி நட்டில் பானாவைப் போட்டு இன்ஜினைத் திருப்பி, அந்த சிலிண்டரின் பிஸ்டனை மேலே உச்சிக்குக் கொண்டுவந்து நிறுத்துவார்கள். வால்வு பிஸ்டன் தலையில் உட்கார்ந்துகொள்ளும். இதற்காக வண்டி நியூட்ரலில் இருக்க வேண்டும். மாரி நியூட்ரலில் போட்டு, சக்கரத்துக்குக் கல் வைத்திருந்தான்.

மலையில் வண்டி ஓட்டுகிற எங்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. நிறுத்தினால் கியரில் போட வேண்டும், கல்லும் வைக்க வேண்டும். நான் தொழிலுக்கு வந்த புதிதில் ஒருமுறை போடிமெட்டில் நியூட்ரலில் நிறுத்திவிட்டுப் பரோட்டா சாப்பிடப் போனேன். பாதி பரோட்டாவில் ஒருவர் வந்து, "நீலக்கலர் ஜீப்பு யாருதுங்க? தோட்டத்துக்குள்ள போகுது" என்றார். போய்ப் பார்த்தால் ஏலச்செடிகளைப் படுக்க வைத்துவிட்டு ஒரு மரத்தைக் கட்டிப் பிடித்துக்கொண்டு நிற்கிறது. நல்ல வேளை, ஆள் யாரும் இல்லை. அன்றையிலிருந்து என் கை என்னைக் கேட்பதில்லை. மருமகன் காரில் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து போனாலும், நின்றதும் என் கை கியரைத் தேடும். தொட்டில் பழக்கம் சுடுகாடு மட்டும்.

மாரியின் கொட்டகை சரிவில் இருக்கிறது. அவன் டீக்குப் போனதும், சரிவில் ஒரு ஜீப் நியூட்ரலில் நிற்பதை என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை. உள்ளே கையை விட்டு முதல் கியரைத் தட்டிவிட்டேன். நல்லது செய்ததாகத்தான் நினைத்தேன். அப்புறம் பம்பரில் ஏறினேன்.

நியூட்ரலில் இருந்திருந்தால் கல் நகர்ந்தாலும் கெடுதல் இல்லை. சக்கரம் மட்டும்தான் உருண்டிருக்கும். கியரில் இருந்ததால் சக்கரம் இன்ஜினையும் திருப்பியது. பிஸ்டன் கீழே போனது. அதன் தலையில் உட்கார்ந்திருந்த வால்வும் கூடவே போனது.

மாரி டீயோடு வந்தான், எனக்கும் ஒரு கிளாஸ் வாங்கிக்கொண்டு. என் முகத்தைப் பார்த்தான். கல்லைப் பார்த்தான். ஜீப்புக்குள் எட்டிக் கியரைப் பார்த்தான்.

"வால்வு போச்சா?"

நான் தலையாட்டினேன்.

கிளாசை என் கையில் கொடுத்துவிட்டுக் குனிந்து பார்த்தான். ரொம்ப நேரம் பார்த்த மாதிரி இருந்தது. பிறகு ஒரு விரலை உள்ளே விட்டு எதையோ தொட்டான். அவன் முகம் இளகியது.

"காலையில இட்லிப் பொட்டலம் கட்டியிருந்த ரப்பர் பேண்டு" என்றான்.

டீக்குப் போவதற்கு முன்னால், தண்டில் லாக்கு உட்காரும் காடியில், அந்தச் சின்னப் பள்ளத்தில், அந்த ரப்பர் பேண்டை நாலு சுற்று சுற்றிவிட்டுப் போயிருக்கிறான். வால்வு இறங்கியபோது அந்தச் சுற்று, தண்டு நுழைகிற குழாயான கைடின் விளிம்பில் மாட்டி நின்றுவிட்டது. ஒரு இட்லிப் பொட்டலத்து ரப்பர் என் செட்டைப் பிடித்துக்கொண்டு தொங்கிக்கொண்டிருந்தது.

"இதுக்கா சுத்துன? நான் கியர்ல போடுவேன்னு தெரியுமா?"

"நீ எதையாச்சும் தொடுவேன்னு தெரியும்" என்றான்.

அதற்கு மேல் ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால் ஆறியிருக்கும். நியூட்ரலுக்கு மாற்றி, கல்லை அடித்து இறுக்கி, பானாவால் நிதானமாகத் திருப்பினான். தண்டு மெல்ல எழும்பி வந்தது. நான் இரண்டு கிளாஸ் டீயையும் ஆறவிட்டுக்கொண்டு நின்றிருந்தேன்.

பழைய சீல்களை ஒவ்வொன்றாகப் பிடுங்கி என் உள்ளங்கையில் வைத்தான். வெயிலில் கிடந்த செருப்பு வார் மாதிரி விறைத்திருந்தன. நசுக்கினால் நொறுங்கின. புதியதைப் போடும்போது, ஏலக்காய் கட்டுகிற பாலிதீன் கவரில் ஒரு துண்டை வெட்டித் தண்டின் தலையில் மூடி, அதன் மேல் எண்ணெய் தடவிச் சீலை இறக்கினான். காடியின் ஓரம் புது ரப்பரைக் கீறிவிடக் கூடாதாம். எட்டு வால்வுக்கும் எட்டு முறை அதே நிதானம். ராக்கர்களை மாட்டி, இடைவெளி பார்த்து, மேல்மூடியைப் பூட்டும்போது மணி மூன்று இருக்கும்.

கடைசி சீட்டு

சாவியை எடுத்துக்கொண்டு டிரைவர் சீட்டுக்குப் போனேன். மாரி என்னைத் தடுத்தான்.

"நீ முன்னால உக்காந்து என்னத்தப் பாப்ப? தன் முதுகு தனக்குத் தெரியாது. பின்னால போ. அந்தாத்தா உக்கார்ற எடத்துல உக்காரு. நான் போடிமெட்டு வரைக்கும் ஏத்தி எறக்குறேன். உன்ன மாதிரியே."

இருபது வருஷத்தில் அந்த சீட்டில் நான் உட்கார்ந்ததே இல்லை. கைப்பிடிக் கம்பியில் எல்லா இடமும் பெயின்ட் இருக்க, ஓர் இடம் மட்டும் ஒரு கை அகலத்துக்கு வெள்ளியாகத் தேய்ந்திருந்தது. தார்ப்பாய் மடிப்பில் ஏதோ தட்டுப்பட்டது. எடுத்துப் பார்த்தேன். பாலிதீன் கவர்கள். துவைத்த துணி மாதிரி சீராக மடித்து ஒரு கட்டாகச் செருகியிருந்தது. எதற்கு என்று அப்போது புரியவில்லை.

ஏறும்போது பழைய எண்ணெயின் மிச்சம் கொஞ்சம் புகைந்து, ஆறாவது வளைவுக்குள் அடங்கிவிட்டது. மெட்டில் வண்டியைத் திருப்பினான். இரண்டாவது கியர். காலை எடுத்துவிட்டான். என்னுடைய அதே இறக்கம்.

முதல் வளைவில் என் தோள் தகரத்தில் மோதியது. இரண்டாவதில் முழங்கால். டிரைவருக்கு வளைவு எதிரே வருகிறது, உடம்பு தயாராகிவிடுகிறது. பின்னால் உட்கார்ந்தவனுக்கு வளைவு முடிந்த பிறகுதான் தெரிகிறது. ரோடு பின்னோக்கி உருவிக்கொண்டே போனது. கீழே பள்ளத்தாக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் மாறி மாறி ஆடியது. வெள்ளியாகத் தேய்ந்த இடத்தில் என் கை தானாகப் போய் ஒட்டிக்கொண்டது.

பதினொன்றாவது வளைவோ பன்னிரண்டாவதோ, கவர்கள் எதற்கு என்று எனக்குப் புரிந்தது. ஒன்றை உருவிக்கொண்டேன். அதிகம் விவரிக்க வேண்டாம். மத்தியானம் சாப்பிட்டது தக்காளி சாதம்.

முந்தல் செக்போஸ்டில் மாரி நிறுத்தி, மறுபடி மிதித்தான். தலையை வெளியே நீட்டிப் பார்த்தேன். சுத்தமாக இருந்தது. ஒரு நூல் புகை இல்லை.

"என்ன மாப்ளே, வருதா?" என்று கத்தினான்.

"இல்ல" என்றேன். புகை போய்விட்டது, எனக்குக் குமட்டல் நிற்கவில்லை. அந்தப் பெண்களுக்குக் குமட்டியது புகையால் மட்டும் இல்லை என்பதை, சாலையோரம் உட்கார்ந்து வாய் கொப்பளிக்கும்போது தெரிந்துகொண்டேன். வெட்கமாக இருந்தது. எத்தனை டீக்கடையில் அந்தக் கதையைச் சொல்லியிருப்பேன்.

திங்கட்கிழமை

விடிந்தும் விடியாமல் சிலமலையில் நிறுத்தினேன். பத்தடி தள்ளித் தேவாரத்து ஜீப்பும் நின்றது. பதின்மூன்று பேரும் இரண்டு வண்டிக்கும் நடுவில் நின்றார்கள். யாரும் ஏறவில்லை.

"ஆஃப் பண்ணுங்கண்ணே" என்றாள் செல்லத்தாய். "இப்ப எடுங்க."

எடுத்தேன். அவள் பின்னால் போய்ப் புகைக்குழாய்க்குப் பக்கத்தில் நிற்பது கண்ணாடியில் முந்தானை நுனியாக மட்டும் தெரிந்தது. மிதிக்கச் சொன்னாள். மிதித்தேன். பின்னால் என்ன வந்தது, என்ன வரவில்லை என்று எனக்குத் தெரியாது. என் முன்னால் ரோடு மட்டும் இருந்தது. நான் திரும்பிப் பார்க்கவில்லை, பயமாக இருந்தது.

வண்டியின் பின்பக்கம் லேசாக அமுங்கியது. ஒருத்தி ஏறியிருக்கிறாள். இன்னொரு அமுங்கல். இன்னொன்று. ஸ்பிரிங்பட்டை ஒவ்வொரு ஆளுக்கும் கொஞ்சம் கொஞ்சமாகத் தாழ்வதை என் இடுப்பு எண்ணிக்கொண்டு வந்தது. பன்னிரண்டு. பிறகு கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. தேவாரத்து ஜீப் கிளம்பிப் போகிற சத்தம் கேட்டது. பதின்மூன்றாவதாக ஓரத்தில் ஒரு அமுங்கல்.

தகரத்தில் இரண்டு தட்டு விழுந்தது. எனக்குக் கண் கலங்கிவிட்டது. யாரும் பார்க்க முடியாத சீட்டு என்பதில் டிரைவருக்கு அந்த ஒரு வசதி உண்டு.

அன்று சாயங்காலம் இறங்கும்போதும் இரண்டாவது கியரில்தான் வந்தேன். ஆனால் ஒவ்வொரு வளைவுக்கும் முன்னால் பிரேக்கை மெதுவாகத் தொட்டு, வண்டியை அடக்கி, பிறகு ஒடித்தேன். கால் மணி நேரம் கூடுதலாக ஆனது. பின்னால் இருந்து வழக்கமாக வராத ஒரு சத்தம் வந்தது. சிரித்துப் பேசிக்கொண்டு வந்தார்கள்.

சிலமலையில் எல்லோரும் இறங்கினார்கள். செல்லத்தாய் கடைசியாக வந்து என் கதவோரம் நின்றாள்.

"அண்ணே, பிரேக்கும் புதுசா போட்டீகளா?"

"ஆமாத்தா. எல்லாத்தையும் சேத்துத்தேன் மாத்துனோம்."

தூக்குவாளியை ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாற்றிக்கொண்டாள்.

"பின்னால ஒரு கவரு கொறையுதுண்ணே" என்றாள்.

அது நின்று சொல்ல வேண்டிய கதை. நான் வண்டியைக் கியரில் போட்டுவிட்டு, இறங்கிப் போய்ச் சக்கரத்துக்குக் கல்லை வைத்தேன்.